வலிக்காத காலே ஆபத்தான கால்!

நீரிழிவுக்காரர்களின் பாதத்தைக் காக்கும் நர்ஸுகளின் பணி

சித்திரை பிறந்துவிட்டால் மதுரை ஜனங்களுக்குக் கால் தரையில் பாவாது. அழகர் வருகிறார் அல்லவா!

மதுரையிலிருந்து சுமார் 20 கிலோ மீட்டர் தூரத்தில், மலை அடிவாரத்தில் இருக்கிறது அழகர்கோவில். அங்கிருந்து கள்ளர் கோலத்தில் கள்ளழகர் புறப்படுகிறார். பொய்கைக்கரைப்பட்டி, கள்ளந்திரி, அப்பன்திருப்பதி என்று ஊர் ஊராக மண்டகப்படிகளில் தங்கி வருகிறார். மூன்றுமாவடியில் நகரமே திரண்டு எதிர்சேவை செய்கிறது. சித்ரா பௌர்ணமியன்று தங்கக் குதிரை ஏறி வைகையில் இறங்குகிறார்.

சாமியோடு நடந்து வருகிறவர்களுக்குக் கணக்கே இல்லை. பெரும்பாலோர் காலில் செருப்பு இராது. அது காலங்காலமாக வரும் வழக்கம், பக்தி.

ஆனால் சித்திரை வெயில் யாரையும் பார்ப்பதில்லை. தார் ரோடு தோசைக் கல்லாகக் காய்கிறது. கால் சுட்டவர்கள் ஓட்டமும் நடையுமாக மர நிழலுக்குப் போகிறார்கள். தண்ணீர்ப் பந்தலில் காலை நனைத்துக் கொள்கிறார்கள்.

அந்தக் கூட்டத்தில் ஒரு பெரியவர் மட்டும் ஓடவில்லை என்று வைத்துக் கொள்வோம். அவர் நிதானமாக நடக்கிறார். அவருக்குச் சுடவே இல்லை. "எல்லாம் அழகர் கிருபை" என்று கையெடுத்துக் கும்பிடுகிறார். மூன்றாம் நாள், படுத்திருந்த பாயில் ஈரத்தைக் கண்டு மகள் திடுக்கிடுகிறாள். உள்ளங்காலைத் திருப்பிப் பார்த்தால் கொப்புளம் உடைந்து, தோல் உரிந்து, சீழ் வைத்திருக்கிறது!

"வலிக்கவில்லையா, அப்பா?" என்று கேட்கிறாள்.

"இல்லையே!" என்கிறார்.

அந்த "இல்லையே"தான் அபாயத்தின் முதல் மணி. நீரிழிவுக்காரர்களின் கால்கள் பறிபோகும் கதைகளில் பெரும்பாலானவை இந்த ஒரு சொல்லில்தான் தொடங்குகின்றன.

ஏழு பேரில் ஒருவர்

நீரிழிவு என்றும், சர்க்கரை வியாதி என்றும் சொல்லப்படும் இந்த நோய், ஒரு காலத்தில் பணக்காரர்களின் வியாதி என்று பெயர் வாங்கியிருந்தது. இன்று அப்படிச் சொல்ல முடியாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நாடு முழுவதும் நடத்திய கணக்கெடுப்பின் முடிவு 2023-ல் வெளியாயிற்று. இந்தியாவில் சுமார் 10 கோடி பேருக்கு நீரிழிவு உண்டு என்று அது சொல்லிற்று. தமிழ்நாட்டிலோ வயது வந்தவர்களில் நூற்றுக்கு 14 பேருக்கு மேல். அதாவது, ஏறக்குறைய ஏழு பேரில் ஒருவர்!

ஒரு தெருவில் எத்தனை வீடு இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். நீரிழிவு இல்லாத வீட்டைத்தான் தேட வேண்டியிருக்கும்.

இவர்கள் எல்லாருக்கும் காலில் புண் வந்துவிடுமா? வராது. ஆனால் நீரிழிவுக்காரர்களில் ஐந்தில் ஒருவர் முதல் மூன்றில் ஒருவர் வரை, தம் ஆயுளில் ஒரு தடவையாவது காற்புண்ணுக்கு ஆளாகிறார்கள் என்று மருத்துவ ஆராய்ச்சிகள் சொல்லுகின்றன. நீரிழிவினால் கால் எடுக்கப்பட்டவர்களில் நூற்றுக்கு 85 பேர் விஷயத்தில், எல்லாவற்றுக்கும் முன்னால் வந்தது ஒரு சின்னப் புண்தான். அந்தச் சின்னப் புண்ணைத் தடுத்துவிட்டால் கால் தப்பியது என்று பொருள்.

நரம்பு எப்படி மரத்துப் போகிறது?

ரத்தத்தில் சர்க்கரை பல வருஷங்கள் அதிகமாகவே இருந்தால், நரம்புகள் கொஞ்சங் கொஞ்சமாகக் கெடுகின்றன. நீளமான நரம்புகள்தாம் முதலில் கெடும். உடம்பிலேயே நீளமான நரம்புகள் எங்கே போகின்றன? கால் விரல் நுனிக்கு! ஆகையால் கோளாறு பாதத்தில் ஆரம்பிக்கிறது.

முதலில் எரிச்சல், குத்தல், எறும்பு ஊர்வது போன்ற உணர்ச்சி. பிறகு மதமதப்பு. பஞ்சின் மேல் நடப்பதுபோல் இருக்கிறது என்பார்கள் சிலர். கழன்று விழுந்த செருப்பு தெரியாமல் பத்தடி நடந்து விடுவார்கள். எரிச்சல் நின்றதும், "வியாதி குணமாகிவிட்டது" என்று சந்தோஷப்படுகிறவர்களும் உண்டு. பல சமயம் அது குணம் இல்லை. நரம்பு அடியோடு ஓய்ந்துவிட்டது என்பதற்கு அடையாளம்.

உணர்ச்சி நரம்பு மட்டுமா கெடுகிறது? தசைகளை ஆட்டி வைக்கும் நரம்பும் கெடுகிறது. அதனால் விரல்கள் கொக்கிபோல் வளைகின்றன. உடம்பின் பாரம் முழுவதும் விரல்களின் அடி மேட்டில் விழுகிறது. அங்கே தோல் தடித்து ஆணியாகிறது. அந்தத் தடித்த தோலே, செருப்புக்குள் சிக்கிய கல்லைப்போல் உள்சதையை அழுத்தி ரணமாக்கிவிடுகிறது. மேலே பார்த்தால் ஆணி, கீழே குழி!

வியர்வையை உண்டாக்கும் நரம்பும் கெடுகிறது. கால் வறண்டு பித்தவெடிப்பு காண்கிறது. வெடிப்பு வழியே கிருமி நுழைகிறது.

இத்துடன் ரத்தக் குழாய்களும் குறுகிப் போனால், புண் ஆறுவதற்கு வேண்டிய ரத்தம் பாதத்துக்கு வந்து சேராது. பீடி, சிகரெட் பழக்கமும் உள்ளவர்களுக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம்.

வேலூரில் கண்ட உண்மை

வலி இல்லாத கால் ஏன் கெடுகிறது என்பதை உலகத்துக்கு விளக்கியதில் தமிழ்நாட்டுக்குப் பெரும் பங்கு உண்டு என்பது பலருக்குத் தெரியாது.

டாக்டர் பால் பிராண்ட் ஆங்கிலேயப் பெற்றோருக்குப் பிறந்தவர். ஆனால் பிறந்த ஊர் நம் கொல்லிமலை; வருஷம் 1914. லண்டனில் ரண சிகிச்சை படித்துவிட்டு 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து சேர்ந்தார். அங்கே குஷ்டரோகிகளின் கை கால்களைப் பார்த்து அவர் மனம் கலங்கிற்று.

குஷ்டம் வந்தால் விரல்கள் தாமாகவே அழுகி உதிர்ந்துவிடும் என்றுதான் அந்நாளில் எல்லாரும், டாக்டர்கள் உட்பட, நம்பியிருந்தார்கள். பிராண்ட் நம்பவில்லை. ஒவ்வொரு புண்ணும் எப்படி வந்தது என்று துப்பறிகிறவரைப்போல் தேட ஆரம்பித்தார். அடுப்புச் சூடு, ஆணி குத்தல், ஓயாத உராய்வு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் அகப்பட்டது.

ஆனால் ஒன்று மட்டும் விளங்கவில்லை. இரவு படுக்கும்போது இருந்த விரலின் ஒரு பகுதி காலையில் இல்லை! ராத்திரி முழுதும் காவல் இருந்து பார்த்தபோது உண்மை வெளியாயிற்று. தூங்குகிறவர்களின் விரலை எலி கடித்துக் கொண்டிருந்தது! வலி தெரியாததால் அவர்கள் விழிக்கவில்லை. அதற்குப் பிறகு அந்த நோயாளிகளுக்குத் துணையாகப் பூனைகள் கொடுக்கப்பட்டன.

விரலைத் தின்றது வியாதி இல்லை. வலி என்ற காவல்காரன் இல்லாததுதான் காரணம். இதுதான் பிராண்ட் கண்ட உண்மை.

இதை ஒட்டி வேலூரிலும் அருகிலுள்ள கரிகிரியிலும் மெத்தென்ற ரப்பர் வைத்த செருப்புகள் நோயாளிகளுக்காகத் தயாராயின. இன்று "எம்.சி.ஆர். செருப்பு" என்று நாம் கேட்டு வாங்குவது அந்தப் பரம்பரையில் வந்ததுதான். புண்ணுள்ள காலுக்கு மாவுக்கட்டுப் போட்டு, பாரத்தைப் பரப்பி, நடமாட விட்டே ஆற்றும் முறையை, 1930-களிலேயே இலங்கையில் தமிழரான டாக்டர் மில்ராய் பால் குஷ்டரோகிகளுக்குக் கையாண்டிருந்தார். 1966-ல் பிராண்ட் அமெரிக்காவில் லூசியானா மாகாணத்துக் கார்வில் ஆஸ்பத்திரிக்குப் போனார். நீரிழிவுக்காரர்களின் கால்களும் இதே காரணத்தால்தான் கெடுகின்றன என்று அங்கே அவர் எடுத்துக்காட்டினார். இன்று உலகம் முழுவதும் நீரிழிவுக் காற்புண்ணுக்கு மாவுக்கட்டும் மெத்தைச் செருப்பும் கொடுக்கிறார்களே, அதன் வேர் இந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது.

டாக்டர் ஜோஸ்லினின் நர்ஸுகள்

பிராண்டுக்கு முன்பே, அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்தில் டாக்டர் எலியட் ஜோஸ்லின் என்பவர் நீரிழிவு சிகிச்சையில் பெயர் பெற்றிருந்தார். 1921-ல் இன்சுலின் கண்டுபிடிக்கப்பட்டது. அதுவரை மயக்கம் கண்டு மாண்டு போனவர்கள் பிழைத்தார்கள். ஆனால் நெடுநாள் பிழைத்தவர்களுக்குக் கால் அழுகும் ஆபத்து வந்து சேர்ந்தது. 1934-ல் ஜோஸ்லின் இதைப் பற்றி எழுதினார். கால் அழுகுவது வானத்திலிருந்து இறங்கும் விதி இல்லை, மண்ணில் மனிதனே தேடிக்கொள்வது என்பது அவர் கருத்து.

இதைத் தடுக்க அவர் நம்பியது மருந்தை மட்டுமல்ல, நர்ஸுகளையும் நம்பினார். காலைக் கழுவுவது, துடைப்பது, நகம் வெட்டுவது ஆகியவற்றை நோயாளிகளுக்குப் பழக்க ஆஸ்பத்திரியிலேயே தனி இடம் ஏற்படுத்தினார். வீடு தேடிப் போய்ச் சொல்லிக் கொடுக்கவும் நர்ஸுகளை அனுப்பினார்.

நம் நாட்டில், சென்னை ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் 1948-ல் டாக்டர் எம்.விசுவநாதன் நீரிழிவுக்கென்று தனிப் பிரிவைத் தொடங்கினார். பின்னர் ராயபுரத்தில் அவர் நிறுவிய ஆஸ்பத்திரி, நீரிழிவுக் கால் சிகிச்சையில் இன்று உலக அளவில் பெயர் பெற்றிருக்கிறது.

வீடு தேடி வரும் கைகள்

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டு 5-ந் தேதி "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டம் தொடங்கியது. சுகாதாரத் தன்னார்வலர்களான பெண்களும் நர்ஸுகளும் கிராமத்து வீடுகளுக்கே போய், ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் பார்த்து, மாத்திரை கொடுக்கும் திட்டம் அது. நீரிழிவுக்காரர்களின் கால்களுக்காகவே "பாதம் பாதுகாப்போம்" என்று ஒரு திட்டத்தையும் தமிழக அரசு கொண்டு வந்தது.

ஆனால் பல வீடுகளில் பேச்சு இப்படித்தான் நடக்கும்:

"கால் எப்படி இருக்கு, ஐயா?"

"அதுக்கென்ன, வலி கிலி ஒண்ணும் கிடையாது. மாத்திரையைக் குடுத்திட்டுப் போ, தாயி."

"வலி இல்லேன்னாத்தான் ஐயா பார்க்கணும். காலை இப்படி நீட்டுங்க."

"உன் கையாலே என் காலைத் தொடுறதா? வேண்டாம் தாயி!"

வயதில் மூத்தவர்களுக்குத் தங்கள் காலைப் பிறர் தொட்டுப் பார்ப்பதில் கூச்சம். பெண்களுக்கோ இன்னும் கூச்சம். இந்தக் கூச்சத்தைப் போக்குவதுதான் நர்ஸின் முதல் வேலை. "என் அப்பா காலாக இருந்தால் பார்க்க மாட்டேனா?" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால், கால் தானாக நீளும்.

நர்ஸ் என்ன பார்க்கிறார்?

முதலில் கண். இரண்டு காலையும் வெளிச்சத்தில் பார்க்கிறார். விரலிடுக்கில் சேற்றுப்புண் உண்டா? குதிகாலில் வெடிப்பு உண்டா? ஆணி உண்டா? நகம் சதைக்குள் வளர்ந்திருக்கிறதா? விரல் வளைந்திருக்கிறதா? தோலின் நிறம் மாறியிருக்கிறதா?

அடுத்தது கை. புறங்கையால் இரண்டு பாதத்தையும் தடவுகிறார். ஒரு கால் மட்டும் சூடாக இருந்தால், உள்ளே ஏதோ நடக்கிறது. வீங்கி, சிவந்து, சுடுகிறது. ஆனால் அவ்வளவாக வலி இல்லை என்றால், எலும்பே நொறுங்கிக் கொண்டிருக்கலாம். அந்தக் காலை ஊன்றவே விடாமல் உடனே டாக்டரிடம் அனுப்ப வேண்டும். இதற்கு மாறாக, கால் சில்லென்று இருந்தால் ரத்த ஓட்டத்தைச் சந்தேகிக்க வேண்டும். பாதத்தின் மேற்புறத்திலும் உட்கணுக்காலின் பின்னாலும் நாடி ஓடுகிறதா என்று விரல் வைத்துப் பார்க்கிறார்.

மூன்றாவது, ஒரு நைலான் இழை. தூண்டில் நரம்புபோல் இருக்கும். 10 கிராம் அழுத்தத்தில் வளையும்படி செய்யப்பட்டது. நோயாளி கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். பெருவிரலின் அடியிலும், விரல்களின் கீழுள்ள மேட்டிலும் இழையை வைத்து அழுத்துகிறார். "தெரிகிறதா?" என்று கேட்கிறார். இடையிலே, தொடாமலே "தெரிகிறதா?" என்றும் கேட்பார்! மனம் கோணக்கூடாதே என்று சும்மா "தெரியுது" என்று சொல்லுகிறவர்களைக் கண்டுபிடிக்க அதுதான் வழி. இழை பட்டது தெரியாத கால், முள் பட்டாலும் அறியாத கால்.

உணர்ச்சியும் ரத்த ஓட்டமும் நன்றாக இருந்தால், வருஷத்துக்கு ஒரு தடவை பார்த்தால் போதும். இரண்டில் ஒன்று குறைந்தால் ஆறு மாதம் முதல் ஒரு வருஷத்துக்குள் பார்க்க வேண்டும். இரண்டும் குறைந்தாலும், அல்லது ஒன்று குறைந்து விரல் வளைவு போன்ற கோளாறும் சேர்ந்தாலும், மூன்று முதல் ஆறு மாதம். முன்பே புண் வந்து ஆறியவர்களை ஒரு மாதம் முதல் மூன்று மாதத்துக்குள் கட்டாயம் பார்க்க வேண்டும். ஏனென்றால் ஆறிய புண் பத்தில் நாலு பேருக்கு ஒரு வருஷத்துக்குள்ளேயே திரும்பி வருகிறது.

வீட்டிலேயே ஒரு பரீட்சை

இழை இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். இங்கிலாந்தில் இப்ஸ்விச் ஆஸ்பத்திரியில் ஒரு சுலபமான பரீட்சையைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். காலணாச் செலவில்லை.

நோயாளி கண்ணை மூடிப் படுத்துக்கொள்ள வேண்டும். வீட்டில் ஒருவர் தம் சுட்டுவிரல் நுனியால், ஒவ்வொரு காலிலும் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் ஆகியவற்றின் நுனியை மெல்லத் தொட வேண்டும். ஒரு விநாடி, இரண்டு விநாடி போதும். அழுத்தக் கூடாது, தட்டக் கூடாது, தடவக் கூடாது. தொட்டது தெரிந்ததும் வலது, இடது என்று அவர் சொல்ல வேண்டும். இரண்டு காலிலும் சேர்த்து ஆறு விரல். இவற்றில் இரண்டோ, அதற்கு மேலோ தெரியவில்லை என்றால் உணர்ச்சி குறைந்துவிட்டது. டாக்டரிடம் போக வேண்டும்.

இந்த ஞாயிற்றுக்கிழமையே உங்கள் வீட்டில் செய்து பார்க்கலாமே!

தினம் ஐந்து நிமிஷம்

வலி என்ற காவல்காரன் போய்விட்டான். அவன் வேலையை இனிக் கண்ணும் கையும் செய்ய வேண்டும். அதற்கு நாளுக்கு ஐந்து நிமிஷம் போதும்.

இரவில் படுக்கும் முன் காலைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். தண்ணீர் உடம்புச் சூட்டுக்கு மேல் இருக்கக்கூடாது. சூட்டைக் காலால் பார்க்காதீர்கள், முழங்கையால் பாருங்கள். பிறகு விரலிடுக்குகளைப் பழைய பருத்தித் துணியால் ஒற்றி ஈரமில்லாமல் துடையுங்கள். உள்ளங்காலிலும் குதிகாலிலும் தேங்காய் எண்ணெய் தடவலாம். விரலிடுக்கில் மட்டும் எண்ணெய் கூடாது, ஊறிப் புண்ணாகும்.

உள்ளங்காலைப் பார்க்கக் குனிய முடியாதவர்கள் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியைத் தரையில் வைத்து, அதன் மேல் காலைத் தூக்கிப் பார்க்கலாம். கண் பார்வை மங்கியவர்களுக்கு மனைவியோ, மகனோ, மருமகளோ பார்த்துச் சொல்ல வேண்டும்.

நகத்தை நேராக வெட்டுங்கள். ஓரத்தைத் தோண்டாதீர்கள்.

காலைக் கெடுக்கும் வைத்தியங்கள்

மரத்துப்போன காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்தால் உணர்ச்சி திரும்பும் என்று நினைத்து, காலையே வேகவைத்துக் கொள்கிறவர்கள் உண்டு. உப்புப் போட்ட வெந்நீரில் காலை ஊற வைப்பதும் அப்படித்தான். வேண்டாம்.

ஆணியைப் பிளேடால் சீவாதீர்கள். கடையில் விற்கும் ஆணி மருந்தும் பிளாஸ்திரியும் நல்ல தோலையும் சேர்த்து அரித்துவிடும். ஆணியைச் சீவுவது பழகிய நர்ஸின் வேலை, டாக்டரின் வேலை.

புண்ணில் காப்பித்தூள், சுண்ணாம்பு, அடுப்புச் சாம்பல், பச்சிலைச் சாறு இவற்றை அப்பாதீர்கள். அவை புண்ணை மறைக்கும்; ஆற்றாது.

நேர்த்திக்கடனாகப் பூக்குழி இறங்குகிறவர்கள் நம் பக்கத்தில் ஏராளம். கால் மரத்துப்போன நீரிழிவுக்காரர் அதை நினைக்கவே கூடாது. சுடுகிறது என்று தெரிந்தவன் வேகமாக நடப்பான். தெரியாதவன் என்ன செய்வான்?

எந்தச் செருப்பு நல்லது?

பெருவிரலில் மாட்டும் ஹவாய் செருப்பு, மரத்துப்போன காலுக்கு ஆகாது. வார் உராய்ந்து விரலிடுக்கில் புண்ணாகும். கழன்று விழுந்தாலும் தெரியாது. முன்பக்கம் அகலமாக, பின்னால் வார் வைத்து, உள்ளே மெத்தென்ற எம்.சி.ஆர். ரப்பரும், அடியில் முள் ஏறாத கெட்டி ரப்பரும் உள்ள செருப்பே நல்லது. ராயபுரத்து ஆஸ்பத்திரியில் இதை ஆராய்ந்தே பார்த்தார்கள். மெத்தைச் செருப்புப் போட்டவர்களுக்கு, வழக்கமான செருப்பைப் போட்டவர்களைவிடப் புதுப்புண் வெகு குறைவாகவே வந்தது. 2004-ல் அந்த முடிவு வெளியாயிற்று.

செருப்பைச் சாயங்காலம் வாங்குங்கள். பகலெல்லாம் நடந்து கால் சற்று வீங்கியிருக்கும். அந்த அளவுதான் சரியான அளவு. புதுச் செருப்பை முதல் நாளே நாள் முழுதும் போடாதீர்கள். போடும் முன் ஒவ்வொரு தடவையும் உள்ளே கைவிட்டுப் பாருங்கள். ஒரு சிறு கல் போதும், காலைக் கெடுக்க!

வீட்டுக்குள்ளேயும் செருப்பு வேண்டும். "வீட்டுக்குள் செருப்பா?" என்று முகம் சுளிக்கிறவர்கள், இதற்கென்று தனியாக ஒரு ஜோடி வைத்துக் கொள்ளலாம். அது வெளித் தெருவையே மிதிக்காத செருப்பு. மருந்துச் சீசாவைப்போல் அதுவும் ஒரு மருந்து.

கழனியும் கோயிலும்

மேலூர்ப் பக்கம் பெரியாற்றுக் கால்வாய்ப் பாசனம். நடவு, களையெடுப்பு என்றால் சேற்றில் இறங்கித்தான் ஆக வேண்டும். செருப்போடு சேற்றில் நிற்க முடியாது. வரப்பில் ஏறியதும் நல்ல தண்ணீரில் காலைக் கழுவி, துடைத்து, ஒரு தடவை பார்த்துவிடுங்கள். காட்டு வழியில் சீமைக் கருவேல முள் கிடக்கிறது. முள் ஏறியது தெரியாமலே ஒருவர் வீடு வந்து சேரலாம். ஆடு மேய்ப்பவர்களுக்கும் விறகு வெட்டுபவர்களுக்கும் கெட்டி அடிச் செருப்பு அவசியம்.

கோயிலுக்கு எப்படிப் போவது? கோயிலுக்குள் செருப்புக் கூடாதுதான். ஆனால் கோயில் வாசல் வரையில் போட்டுக்கொண்டு போகலாமே! உச்சி வெயிலை விட்டு விடியற்காலையிலோ, பொழுது சாய்ந்தோ போகலாம். கல் தளத்தில் தேங்காய் நார்ப் பாய் விரித்திருந்தால் அதன் மேலேயே நடக்கலாம். காலுறை போட அனுமதி உண்டா என்று கேட்டுக்கொண்டு போடலாம். வெள்ளைப் பருத்தி உறையாக இருந்தால், ரத்தமோ நீரோ கசிந்தால் உடனே தெரியும். வெளியே வந்ததும் உட்கார்ந்து காலைப் பாருங்கள்.

அழகர் மலைமேல் நூபுர கங்கை இருக்கிறது. நூபுரம் என்றால் சிலம்பு. உலகளந்த பெருமாளின் திருவடியைப் பிரமன் கழுவியபோது, சிலம்பில் பட்டுத் தெறித்த நீரே இங்கே ஓடுகிறது என்பது தல வரலாறு. சிலம்பாறு என்றும் பெயர். தீர்த்தமாடிய பின் ஈரக் காலோடு கல்லிலும் மண்ணிலும் நடந்துவிடாமல், விரலிடுக்கைத் துடைத்துவிட்டு இறங்குங்கள். பாதம் கழுவியதைப் புராணமாகவே சொல்லும் ஊரில், நம் பாதத்தைக் கழுவித் துடைப்பதில் என்ன குறைச்சல்?

அழகரோடு நடப்பதாக வேண்டிக் கொண்டவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டுத் தீர்மானிக்கட்டும். கால் மரத்தவர்கள் நடந்தால் மெத்தைச் செருப்போடு நடக்கட்டும். முடியாதவர்கள் மூன்றுமாவடியிலோ தல்லாகுளத்திலோ நின்று சேவிக்கட்டும். பக்தர்களைத் தேடித்தானே அழகர் மலையை விட்டு இறங்கி வருகிறார்!

புண் வந்துவிட்டால்?

நல்ல தண்ணீரில் கழுவி, சுத்தமான துணியால் மூடி, அன்றைக்கே நர்ஸிடமோ டாக்டரிடமோ போக வேண்டும். "நாளைக்குப் பார்க்கலாம்" என்பது கூடவே கூடாது. வீக்கம், சிவப்பு, துர்நாற்றம், கறுப்பு நிறம், காய்ச்சல் இவற்றில் ஒன்று இருந்தாலும் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

அந்தக் காலை ஊன்றக் கூடாது. இதுதான் பலர் செய்யாத காரியம். வலி இல்லாததால் புண்ணோடேயே நடக்கிறார்கள், வேலைக்குப் போகிறார்கள். ஒவ்வொரு அடியும் புண்ணை நசுக்குகிறது. எவ்வளவு உயர்ந்த மருந்தானாலும், மிதிபடும் புண் ஆறாது.

கால் போனால் போவது கால் மட்டுமா? உழுகிறவன் கலப்பை நிற்கிறது. மூட்டை தூக்குகிறவன் கூலி நிற்கிறது. பார்த்துக்கொள்ள வீட்டில் இன்னொருவரும் வேலையை விட வேண்டும். ஆஸ்பத்திரிச் செலவுக்கு நகை போகிறது; நிலம் போகிறது. இவ்வளவும் ஒரு கொப்புளத்தை மூன்று நாள் பார்க்காமல் விட்டதற்காக!

1989-ல் ஐரோப்பிய நாடுகளின் பிரதிநிதிகள் இத்தாலியில் செயின்ட் வின்சென்ட் என்ற ஊரில் கூடினார்கள். நீரிழிவினால் கால் எடுப்பதைப் பாதியாகக் குறைப்பது என்று உறுதி செய்தார்கள். பாதி கால்களைக் காப்பாற்ற முடியும் என்று அன்றே அவர்களுக்கு நம்பிக்கை இருந்தது. நமக்கு ஏன் இருக்கக் கூடாது?

சர்க்கரையைக் கட்டுப்பாட்டில் வைப்பது டாக்டரும் நோயாளியும் சேர்ந்து செய்யும் வேலை. புகையை விடுவது நோயாளி ஒருவரே செய்ய வேண்டிய வேலை. காலைப் பார்ப்பதோ, வீட்டில் உள்ள எல்லாரும் செய்யக்கூடிய வேலை.

அடுத்த முறை சுகாதார நர்ஸ் உங்கள் வீட்டு வாசலுக்கு வந்தால், மாத்திரையை வாங்கிக்கொண்டு அனுப்பி விடாதீர்கள். "உள்ளே வாங்கம்மா, அப்பா காலைக் கொஞ்சம் பாருங்க" என்று கூப்பிடுங்கள். அவர் வராத நாட்களில் நீங்களே பாருங்கள். மாத்திரை சாப்பிட மறக்காதவர்கள் காலைப் பார்க்கவும் மறக்க வேண்டாம்.